அன்றாடத்திலிருந்து ஓவியர் எடுத்துக்கொள்வது

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: குழந்தைகளுக்கான கதைப்புத்தகங்களுக்குப் படம் வரைகிறீர்கள், வேலை முழுவதும் வீட்டிலேயே நடக்கிறது, புதிய கதை கைக்கு வந்ததும் இணையத்தில் பிறர் வரைந்த படங்களைத் தேடிப் பார்த்தே தொடங்குகிறீர்கள், அதனால் உங்கள் படங்கள் எல்லாம் எங்கோ பார்த்தவை போல அமைந்துவிடுகின்றன. அன்றாட வாழ்க்கையிலிருந்து கற்பனைக்கு ஊக்கம் பெறும்படி பலரும் அறிவுரை சொல்கிறார்கள் என்றும், சமையலறையும் மொட்டைமாடியும் தெருமுனைக் கடையுமே உங்கள் அன்றாடமாக இருக்கையில் அதில் வரைவதற்கு என்ன இருக்கிறது என்றும் கேட்கிறீர்கள்.

அன்றாட வாழ்க்கை படத்துக்குக் கருவைத் தரும் என்று நீங்கள் எதிர்பார்ப்பதாகத் தோன்றுகிறது. நான் அறிந்தவரை அது அரிதாகவே நடக்கிறது. கதைக்குப் படம் வரைபவருக்குக் கரு பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது: எழுத்தாளர் தருகிறார், பதிப்பாசிரியர் தருகிறார், சில சமயம் ஒரு பண்டிகை மலர் தருகிறது. அன்றாடம் தருவது வேறொன்று. ஒரு வேலையைச் செய்யும்போது மனித உடம்பு எப்படி வளைகிறது, ஒரு பொருள் பல ஆண்டு புழங்கித் தேய்ந்த பிறகு எப்படித் தோற்றமளிக்கிறது, கூட்டத்தில் யார் யாருக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள் என்பவற்றை அது தருகிறது. "பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்" என்று எழுதிவிட்டு எழுத்தாளர் அடுத்த வரிக்குப் போய்விடலாம். அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாளா, ஒரு முழங்காலைக் குத்திட்டு அதன்மேல் கையைப் போட்டிருந்தாளா, வெற்றிலைப் பெட்டி எந்தப் பக்கம் இருந்தது, கண்ணாடியின் காம்பு நூலால் கட்டப்பட்டிருந்ததா என்பதை எல்லாம் ஓவியர் முடிவு செய்தாக வேண்டும். எழுத்து சொல்லாமல் விட்ட அந்த இடங்களை நிரப்ப உங்களிடம் சொந்தச் சேமிப்பு இல்லாவிட்டால் பிறர் சேமிப்பிலிருந்து எடுக்க நேரிடும். உங்கள் படங்கள் ஒரே சாயலில் அமைவதற்குக் காரணம் கற்பனைக் குறைவு அன்று, இந்தச் சேமிப்பு இன்னும் சேராததே என்று நினைக்கிறேன்.

இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஜெர்மானிய ஓவியர் அடோல்ஃப் மென்ட்ஸெல். 1815இல், இன்று போலந்தில் இருக்கும் பிரெஸ்லாவில் பிறந்தவர். கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் கல்லச்சுத் தொழில் செய்துவந்த தந்தை 1832இல் பெர்லினில் இறந்தபோது, பதினாறு வயதில் அந்தத் தொழிலை ஏற்றுத் தாயையும் உடன்பிறந்தாரையும் காப்பாற்றியவர். வாழ்த்து அட்டை, விலைச்சீட்டு என்று கிடைத்ததை எல்லாம் வரைந்து பிழைத்த அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது, பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் வரலாற்று நூலுக்காக 1840 முதல் 1842 வரை அவர் வரைந்த ஏறத்தாழ 400 மரச்செதுக்குப் படங்கள். அந்த மன்னர் இறந்தது 1786இல், அதாவது மென்ட்ஸெல் பிறப்பதற்கு 29 ஆண்டுகள் முன்பு. தாம் ஒருபோதும் பார்த்திராத அரசவையையும் போர்க்களத்தையும் அவர் வரைய வேண்டியிருந்தது. சீருடைகளையும் மரச்சாமான்களையும் காப்பகங்களில் தேடித் தேடிப் பார்த்தார் என்பது உண்மை. ஆனால் சீருடை மட்டும் சரியாக இருந்தால் படத்தில் இருப்பது துணிக்கடைப் பொம்மையாகத்தான் இருக்கும். களைத்த சிப்பாய் சுவரில் சாய்வதும், உரையாடலில் ஒருவர் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வருவதும் எந்தக் காப்பகத்திலும் கிடைப்பதில்லை. பெர்லின் தெருக்களிலும் தம் வீட்டிலும் பார்த்தவற்றிலிருந்தே அவர் அவற்றை எடுத்தார்.

மென்ட்ஸெலின் மேலங்கியில் எட்டுப் பைகள் இருந்தன. அவற்றில் பல, வெவ்வேறு அளவிலான ஸ்கெட்ச் நோட்டுகளுக்காகவே தைக்கப்பட்டவை. இரு கைகளாலும் வரையப் பழகியிருந்தார். எதை வரைந்தார் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும். 1845ஆம் ஆண்டளவில் அவர் சுண்ணக்கோலால் வரைந்த ஒரு படத்தில் கலைந்து கிடக்கும் படுக்கை ஒன்று மட்டுமே இருக்கிறது. தலையணை அழுந்திய பள்ளமும் போர்வையின் மடிப்புகளும் அத்தனை கவனத்தோடு வரையப்பட்டிருக்கின்றன; மனிதர் எவரும் இல்லை, கதை எதுவும் இல்லை. பின்னாளில், 1872 முதல் 1875 வரை, ஓர் இரும்பாலையைப் பெரிய ஓவியமாகத் தீட்டியபோது, மேல் சைலீசியா என்னும் வட்டாரத்தில் இருந்த கோனிக்ஸ்ஹூட்டே ஆலைக்குப் போய் நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிப் படங்களை வரைந்தார். பெர்லினில் இன்று காணக் கிடைக்கும் அந்த ஓவியத்தின் நடுவே பழுக்கக் காய்ந்த இரும்பும் அதை இடுக்கியால் பிடிக்கும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். இடது ஓரத்தில் வேலை முடித்தவர்கள் உடம்பைக் கழுவிக்கொள்கிறார்கள். வலது மூலையில், கொண்டுவந்த உணவைச் சிலர் அவசரமாக உண்கிறார்கள். நடுவில் உள்ள நெருப்பு ஓவியத்தின் கரு என்றால், கழுவும் கையும் உண்ணும் வாயும்தான் அந்த ஆலையில் மனிதர்கள் நாள் முழுவதும் இருக்கிறார்கள் என்பதை நம்ப வைக்கின்றன.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் வழியும் இதுவே. அவருடைய ‘மங்கா’ என்ற பயிற்சி நூலின் முதல் தொகுதி 1814இல் வெளிவந்தது. மொத்தம் பதினைந்து தொகுதிகள், கடைசித் தொகுதி அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1878இல் அச்சானது. மாணவர்கள் பார்த்து வரைவதற்கான அந்த நூலின் பக்கங்களில் குளிப்பவர்கள், மல்லர்கள், தச்சர்கள், பருத்தவர்கள், முகத்தைக் கோணிக் காட்டுபவர்கள் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத சிறு உருவங்கள் நிறைந்திருக்கின்றன. 1830களின் தொடக்கத்தில் ஃபூஜி மலையை வைத்து அவர் செய்த அச்சுப்பட வரிசையில் அந்தச் சேமிப்பு எப்படிப் பயன்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு படத்தில், அடியில்லாத பெரிய மரத்தொட்டி ஒன்றுக்குள் தொட்டி செய்பவர் குனிந்து இழைத்துக்கொண்டிருக்க, அந்த வட்டத்தின் ஊடே மலை சிறியதாகத் தெரிகிறது. இன்னொன்றில், எஜிரி என்னும் ஊரருகே திடீர்க் காற்றில் ஒரு பெண்ணின் கைத்தாள்கள் பறக்கின்றன. வழிப்போக்கர் ஒருவரின் தொப்பி பறந்துவிட்டது, மற்றவர்கள் தங்கள் தொப்பியை அழுத்திப் பிடிக்கிறார்கள். மலையோ ஒற்றைக் கோட்டில் நிற்கிறது. கரு மலைதான். காற்றைப் படத்துக்குள் கொண்டுவந்தது, தொப்பியைப் பிடிக்கும் கைகளை என்றோ கவனித்து வைத்திருந்த கண்.

நம் மண்ணில் இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று நாம் அழைக்கும் ஏழாம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில் தேவர்களும் நாகர்களும் கூடியிருக்கிறார்கள். அதன் கீழ்ப்பகுதியில், ஆற்றில் குளித்து எழுந்த ஒருவர் ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிறார். ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. அருகில் உள்ள கிருஷ்ண மண்டபத்தில், கோவர்த்தன மலையைக் கண்ணன் தாங்கி நிற்கும் அந்தப் பெருநிகழ்ச்சிக்கு நடுவே ஓர் ஆயர் பால் கறந்துகொண்டிருக்க, பசு திரும்பித் தன் கன்றை நக்குகிறது. கறவையை நேரில் பார்த்திராத ஒருவரால் அந்தக் கழுத்தின் திருப்பத்தைச் செதுக்கியிருக்க முடியாது. யோக நரசிம்மரும் ஐயப்பனும் முழங்கால்களைச் சுற்றி யோகப்பட்டம் என்னும் துணிப்பட்டையைக் கட்டி அமர்ந்திருக்கும் கோலத்தைப் பார்க்கும்போதெல்லாம், துண்டை முதுகோடும் முழங்காலோடும் சேர்த்துக் கட்டிக்கொண்டு களத்துமேட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். தெய்வத்தின் இருக்கைக்கும் உழவரின் இருக்கைக்கும் இடையே அவ்வளவு தொலைவு இல்லை.

பத்திரிகை ஓவியர்களில் கோபுலுவைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1924இல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணத்தில் ஓவியம் பயின்று, ஆனந்த விகடனில் ஓவியர் மாலியின் அரவணைப்பில் வளர்ந்தவர். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் எழுதிய தில்லானா மோகனாம்பாள் தொடருக்கு அவர் வரைந்த படங்களில் நாதசுரக் கலைஞரும் தவில்காரரும் நிற்கும் நிலை, அவர்களைச் சுற்றியிருப்பவர்களின் அமர்வு, அங்கவஸ்திரம் விழும் விதம் ஆகியவை, அந்த மண்ணின் கோயில் திருவிழாவையும் கல்யாண வீட்டையும் உள்ளிருந்து பார்த்த ஒருவருடையவை. அவருடைய வசனமில்லாத சிரிப்புப் படங்களையும் எடுத்துப் பாருங்கள். கீழே ஒரு சொல்லும் இல்லாதபோது தோள் எவ்வளவு இறங்கியிருக்கிறது, புருவம் எங்கே நிற்கிறது என்பதே முழு நகைச்சுவையையும் சுமக்கிறது. பிற்காலத்தில் வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் வரைந்தார் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். பார்த்துச் சேர்த்தது எந்தக் கையில் பேனா இருந்தாலும் வரும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வீட்டிலேயே வேலை செய்வதைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் வீட்டில் உள்ளவர்கள் ஒரே செயலைத் தினமும் செய்கிறார்கள். அரிவாள்மனை இன்னும் புழக்கத்தில் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். பலகையை ஒரு பாதம் அழுத்தியிருக்கும், மற்ற முழங்கால் உயர்ந்திருக்கும், இரு கைகளும் காயைப் பிடித்து அலகை நோக்கித் தள்ளும், முகம் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். கத்தியும் பலகையும் வைத்து நின்றுகொண்டு நறுக்கும்போது கத்தி காயை நோக்கி வருகிறது. அரிவாள்மனையில் காய் அலகை நோக்கிப் போகிறது. இந்த ஒரு வேறுபாட்டால் முதுகும் தோளும் முழங்கையும் முற்றிலும் வேறாக அமைகின்றன. இணையத்தில் ‘காய் நறுக்கும் அம்மா’ என்று தேடினால் மேசை முன் நிற்கும் உருவங்களே அதிகம் கிடைக்கும். உங்கள் கதையில் வரும் அம்மாவின் உடம்பு உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதுபோலவே மாவு பிசையும் தோள், தலைவாரி விடும்போது பெரியவரின் முழங்கால்களுக்கு நடுவே குழந்தை சிக்கியிருக்கும் விதம், கொடியில் காயும் புடவை காற்றில்லாதபோதும் காற்றடிக்கும்போதும் தொங்கும் வேறுபாடு, அஞ்சறைப்பெட்டியில் எந்தக் கிண்ணம் எப்போதும் காலியாக இருக்கிறது என்பது வரை எல்லாமே வரையத்தக்கவை. அரிவாள்மனை பல வீடுகளில் பரணுக்குப் போய்விட்டதால், நீங்கள் இன்று வரைந்து வைப்பது நாளைக்கு வேறு ஓவியர்களுக்கும் ஆதாரமாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

வெளியே போனால், செயல் திரும்பத் திரும்ப நடக்கும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள். நகரும் மனிதரை வரைய முடியவில்லை என்று தொடக்கத்தில் எல்லோருமே சோர்வார்கள். பூ கட்டுபவர், டீ ஆற்றுபவர், இஸ்திரி போடுபவர், இளநீர் சீவுபவர் ஆகியோர் ஒவ்வொரு நிலைக்கும் சில வினாடிகளில் திரும்பி வருகிறார்கள். ஒரே பக்கத்தில் நான்கைந்து உருவங்களை அரைகுறையாகத் தொடங்கி வைத்துக்கொண்டு, எந்த நிலை மீண்டும் வருகிறதோ அந்த உருவத்தில் இரண்டு கோடு சேர்த்துக்கொண்டே போனால், சிறிது நேரத்தில் எல்லா உருவங்களும் நிறைவு பெறும். முகத்தைக் கடைசிக்கு விடுங்கள். முதலில் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பாருங்கள், பிறகு முதுகின் கோடு, பிறகு கைகள் செய்யும் வேலை. வாழைநாரில் மல்லிகை கட்டும் விரல்களை மட்டும் ஒரு மாலைப் பொழுது முழுவதும் வரைந்தாலும் அது வீணாகாது.

கருவிகளைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை. கையில் அடங்கும் அளவுக்குக் கோடு போடாத நோட்டு ஒன்றும், நனைந்தாலும் கரையாத மை உள்ள பேனா ஒன்றும் போதும். தெருவில் அழிப்பான் வேண்டாம்; அழித்துச் சரிசெய்யும் நேரத்தில் எதிரே இருப்பவர் எழுந்து போய்விடுவார். வண்ணம் தீட்ட நேரமில்லாவிட்டால் ஓரத்தில் எழுதி வையுங்கள். "நீலச் சட்டை" என்று எழுதுவதைவிட "சட்டை சுவரைவிட இருட்டு, நிழலில் போனால் இரண்டும் ஒன்று" என்று எழுதினால் பின்னால் உதவும். சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தால் பின்னால் கூட்டம் சேராது. யாராவது கவனித்துவிட்டால் நோட்டை மூடி மறைக்காமல் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் அவர்களே இன்னும் சிறிது நேரம் அதே நிலையில் இருந்து உதவுவார்கள். முகம் சுளித்தாலோ வேண்டாம் என்றாலோ அந்தப் பக்கத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். துயரத்திலோ நோயிலோ இருப்பவரை அவர் அறியாமல் வரைவது, எவ்வளவு நல்ல படமாக வந்தாலும், எனக்கு ஏற்புடையதன்று.

கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் போதாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். மிதிவண்டியின் சங்கிலி மூடி எப்படி இருக்கும், பேருந்தின் படிக்கட்டு எத்தனை உயரம் போன்ற விவரங்களுக்கு ஒளிப்படம் மிகவும் உதவும், அதற்கு நானும் எடுக்கிறேன். ஆனால் கைபேசி எதிரே உள்ள எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு பதிவு செய்கிறது. கிட்டே இருக்கும் மூக்கையும் கையையும் பெரிதாக்கியும் காட்டுகிறது. வரையும்போது எதை விடுவது என்று ஒவ்வொரு கோட்டிலும் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். அந்தத் தீர்மானங்களின் தொகுப்பே நாளடைவில் பிறர் உங்கள் பாணி என்று அடையாளம் காண்பது. இணையத்தில் நீங்கள் பார்க்கும் முடிந்த படத்தில் அந்தத் தீர்மானங்களை வேறொருவர் ஏற்கெனவே எடுத்துவிட்டார். அதிலிருந்து தொடங்குபவருக்குத் தீர்மானிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

நோட்டில் சேர்ப்பது பாதிதான், நினைவில் சேர்ப்பது மறுபாதி. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் லெகோக் த புவாபோத்ரான் என்ற ஆசிரியர் நினைவிலிருந்து வரைவதைத் தனிப் பாடமாகவே கற்பித்து, அதைப் பற்றி 1848இல் நூலும் வெளியிட்டார். சிற்பி ரோதேனும் ஓவியர் ஃபாந்தேன் லத்தூரும் அவரிடம் பயின்றவர்கள். மிக எளிய வடிவங்களை மனத்தில் இருத்தி, அவற்றைப் பார்க்காமல் வரைவதில் தொடங்கி, படிப்படியாகக் கடினமானவற்றுக்குப் போவது அவர் முறை. இதை நீங்கள் தனியாகவே செய்யலாம். கடைக்குப் போகும் வழியில் ஒருவரை, உற்று நோக்குவதாக அவருக்குத் தோன்றாத அளவுக்கு, ஒரு நிமிடம் கவனியுங்கள். "இடுப்பில் குழந்தை, எதிர்ப்பக்கம் சாய்ந்த தோள், செருப்பு வார் அறுந்து காலை இழுத்து நடக்கிறார்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் வரையுங்கள். வராத இடம் எதுவோ அது நீங்கள் பார்க்காமல் விட்ட இடம். மறுநாள் அதே இடத்தைத் தேடிப் பார்ப்பீர்கள். இந்தத் தேடலே பழக்கமாகிவிட்டால், ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்கும் நிலை தானாகவே குறைந்துவிடும்.

சேர்த்தது எப்படிக் கதைப் படத்துக்குள் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நோட்டு நோட்டாக வரைந்தும் வேலைப் படங்களில் அதன் சுவடே தெரியாத ஓவியர்கள் பலர் இருக்கிறார்கள். "அன்று சந்தையில் பெருமழை பிடித்துக்கொண்டது" என்று ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்வோம். முதலில் எதையும் பார்க்காமல், நினைவில் இருப்பதை மட்டும் வைத்துத் தீப்பெட்டி அளவில் சில சிறு வரைவுகள் போடுங்கள். சாய்ந்த கோடுகளாக மழையும் குடைகளும் முதலில் வரும். அது எல்லோருக்கும் வருவதுதான், அதைத் தள்ளி வைத்துவிட்டு மழையில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று யோசியுங்கள். பூக்காரர் தம் தலையை விட்டுவிட்டுக் கூடையைத்தான் முதலில் மூடுவார். இருசக்கர வண்டிக்காரர்கள் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கி, முன்பின் தெரியாதவர்களோடு பேச்சுக் கொடுப்பார்கள். தார்ப்பாயில் தேங்கிய நீரைக் கடைக்காரர் அடியிலிருந்து கம்பால் தள்ளிவிடுவார், அது யார்மேல் விழும் என்று ஒரு சிறுவன் பார்த்துக்கொண்டிருப்பான். தள்ளுவண்டிக்கு அடியில் நாய் ஒன்று புகுந்திருக்கும். இவற்றில் எது கதைக்கு உதவும் என்று தேர்ந்த பிறகே பழைய நோட்டுகளைப் புரட்டுங்கள். கம்பைத் தூக்கும் கை அங்கே இல்லாவிட்டால் வீட்டில் ஒருவரைத் துடைப்பத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி வரைந்துகொள்ளுங்கள். நோட்டில் உள்ள உருவத்தை அப்படியே பெயர்த்து ஒட்டினால் அது கதையோடு சேராமல் தனித்து நிற்கும். அதில் உள்ள சாய்வையும் எடையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, கதைமாந்தரின் வயதுக்கும் குணத்துக்கும் ஏற்ப மறுபடி வரைய வேண்டும்.

குழந்தைகள் புத்தகத்துக்கு இது இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது என்று நான் கருதுகிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் உள்ள குழந்தை படத்தின் ஓரங்களையும் விடாமல் பார்க்கிறது. தன் வீட்டுக் குடத்தையும் தன் தெரு நாயையும் அதில் அடையாளம் கண்டால் அந்தப் புத்தகத்தைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறது. புகைபோக்கியும் பனியும் உள்ள வீடுகளைப் பார்த்துப் பார்த்து, வீடு என்றாலே அப்படித்தான் வரைய வேண்டும் என்று நம்பும் குழந்தைகளை நான் சந்தித்திருக்கிறேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் வாசல் கோலமும் உள்ள வீட்டை அவர்களுக்கு வரைந்து கொடுக்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

எதுவுமே தோன்றாத நாள்கள் உங்களுக்கும் வரும். அப்படிப்பட்ட நாளில் மேசைமேல் இருப்பதை, குடித்து வைத்த தம்ளரில் தொடங்கி, அப்படியே வரையுங்கள். அழகாக அடுக்கி வைத்துவிட்டு வரைய வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். சரியாக வராத பக்கத்தைக் கிழிக்காதீர்கள், ஏனென்றால் பிற்பாடு தேடும்போது பல சமயம் அந்தப் பக்கத்தின் மூலையில்தான் வேண்டிய கை இருக்கும். நோட்டு நிறைந்ததும் கடைசிப் பக்கத்தில் ‘சுமப்பவர்கள்’, ‘காத்திருப்பவர்கள்’, ‘மழை’, ‘சமையலறை’ என்று தலைப்பிட்டுப் பக்க எண்களை எழுதிவிட்டால், கதை கைக்கு வரும் அன்று இணையத்தைத் திறக்கும் முன் அந்தப் பட்டியலைத் திறக்கலாம்.